பழைய ஐரோப்பா ஊருங்கள பொறுமையா பாக்குறது எப்படி: வண்ணாரப்பேட்டைல இருந்து அம்மாவ கூட்டிட்டு இத்தாலி போன அனுபவம்

எங்க தெருவுல இதுவரைக்கும் நாலு வீட்ல கேட்டுட்டாங்க, “ஐரோப்பா போயிட்டு வந்தியே, எப்படி பிளான் பண்றது, வயசானவங்க நடப்பாங்களா, சாப்பாட்டுக்கு இன்னா பண்றது, கொஞ்சம் சொல்லேன்”னு. வாசப்படில நின்னு சொல்லும்போது பாதி விட்டுப்போவுது, அதான் மொத்தமா உக்காந்து எழுதிடலாம்னு இருக்கேன். போனது மூணு பேரு, நானு, எங்க வூட்டுக்காரரு, எங்க அம்மா. அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு, முட்டி வலி இருக்கு, பொறந்தது காசிமேடு, வாழ்க்கப்பட்டது பழைய வண்ணாரப்பேட்டை, அத தாண்டி அவங்க பாத்த தூரமான ஊருன்னா வேளாங்கண்ணியும் திருப்பதியும்தான். அக்டோபர் மாசம் இத்தாலி போனோம், ரோம் 4 ராத்திரி, ஃபிளாரன்ஸ் 3, பதுவா 2, வெனிஸ் 1, அவ்ளோதான்.

பத்து நாளைக்கு ஒரே நாடானு நெறைய பேரு கேட்டாங்க. ஆமா, ஒரே நாடுதான், அதத்தான் உங்களுக்கும் சொல்லுவேன். பத்து நாள்ல ஏழு நாடுன்னு பஸ்ல கூட்டிட்டு போற பேக்கேஜ்ல எங்க சொந்தத்துல ஒருத்தர் போயிட்டு வந்தாரு, போட்டோ ஆயிரத்துக்கு மேல இருக்கு, ஆனா எது எந்த ஊருன்னு கேட்டா செல்போன பாத்துதான் சொல்றாரு. பழைய ஊருங்கிறது மயிலாப்பூர் மாதிரி, நம்ம ஜார்ஜ் டவுன் மாதிரி, பஸ்ஸ விட்டு எறங்கி அரை மணி நேரத்துல கைக்கு வராது. காலைல கடை தொறக்குறத பாக்கணும், மத்தியானம் தெரு அடங்குறத பாக்கணும், ராத்திரி வெளக்கு போட்டப்பறம் அதே தெருவுல மறுபடியும் நடக்கணும். ஒரு ஊருக்கு முடிஞ்ச வரைக்கும் ரெண்டு ராத்திரி வைங்க, ரோம், பாரிஸ் மாதிரி பெரிய ஊருன்னா நாலு.

இன்னொன்னு, எங்களுக்கு ரொம்ப ஒதவினது இது. போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊர்லயும் நம்ம வாழ்க்கையோட ஒட்டுற ஒரு விஷயத்த தேடி வச்சுக்கிட்டோம். ரோமுக்கு தண்ணி, ஃபிளாரன்ஸுக்கு வெள்ளம், பதுவாவுக்கு அந்தோணியார், வெனிஸுக்கு மீன். சிலை, ஓவியம், மன்னர் பேரு எல்லாம் ரெண்டாவது நாளே கொழம்பிடும், அம்மாவுக்கு அதுல பிடிப்பு வராது, ஆனா இந்த நாலு விஷயத்துல ஒண்ணு கூட அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்கல. எப்படின்னு கீழ ஒவ்வொண்ணா சொல்றேன், அதுக்கு முன்னாடி விசா.

ஐரோப்பால 29 நாட்டுக்கு சேத்து ஒரே விசா, ஷெங்கன் விசா. இங்கிலாந்தும் அயர்லாந்தும் அதுல வராது, அதுக்கு தனி. பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, 6 வயசுலேர்ந்து 12க்குள்ள பசங்களுக்கு 45, அதுக்கு கீழ இலவசம், விசா சென்டர் சர்வீஸ் சார்ஜ் தனியா போடுவாங்க. பல நாடு போறீங்கன்னா எந்த நாட்ல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், எல்லாம் ஒரே கணக்கா இருந்தா மொத எறங்குற நாட்டுக்கு. ஆறு மாசம் முன்னாடியே போடலாம், சாதாரணமா 15 நாள்ல முடிவு வரும், சில நேரம் 45 நாள் வரைக்கும் இழுக்கும், அதனால ரெண்டு ரெண்டரை மாசம் கையில வச்சிக்கிட்டு போடுங்க. பாஸ்போர்ட் எடுத்து பத்து வருஷத்துக்குள்ள இருக்கணும், நீங்க அங்கேர்ந்து கெளம்புற தேதிக்கு அப்பால மூணு மாசம் உயிரோட இருக்கணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். இன்சூரன்ஸ் கொறஞ்சது 30,000 யூரோவுக்கு.

இதுல எங்களுக்கு நடந்தத சொல்லியே ஆகணும். ஒரு டிராவல்ஸ்காரர் பேச்ச கேட்டு விசா வர்றதுக்கு முன்னாடியே பணம் திரும்பாத ரேட்ல ரோம் ஹோட்டல புக் பண்ணிட்டோம், கம்மியா வருதுன்னு. அம்மாவோட பேங்க் பேப்பர் ஒண்ணு பத்தலன்னு திருப்பி கேட்டு விசா லேட்டாச்சு, தேதி தள்ளிப்போச்சு, அந்த ஹோட்டல் காசு மொத்தமும் போச்சு. விசா ஒட்டின பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் கேன்சல் பண்ணா காசு திரும்புற ரூம்தான் போடணும், ரெண்டாயிரம் ரூவா அதிகமானாலும் பரவால்ல. அம்மா அப்பாவுக்கு வருமானம் இல்லன்னா நீங்கதான் செலவு பண்றீங்கன்னு ஒரு லெட்டரு, உங்க பேங்க் ஸ்டேட்மென்ட், உங்களுக்கும் அவங்களுக்கும் ஒறவுன்னு காட்டுற சர்ட்டிஃபிகேட், இதெல்லாம் ஒரு ஃபைல்ல மொதல்லயே போட்டு வைங்க. 2025 அக்டோபர் 12லேர்ந்து பார்டர்ல கைரேகை, போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல பதியிற முறைய கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்திருக்காங்க, அதனால எறங்குனதும் க்யூ நீளமா இருக்கலாம், அடுத்த ஃபிளைட்டோ ட்ரெயினோ ஒரு மணி நேரத்துல பிடிக்கிற மாதிரி போடாதீங்க.

சென்னைலேர்ந்து இத்தாலிக்கு நேரா ஃபிளைட் இல்ல, துபாய், தோஹா, அபுதாபி மாதிரி ஏதாவது ஒரு ஊருல மாறணும். டிக்கெட் போடும்போது எறங்குறது ஒரு ஊரு, திரும்ப ஏறுறது வேற ஊருன்னு போடுங்க. நாங்க ரோம்ல எறங்கி வெனிஸ்ல ஏறுனோம், வந்த வழியே திரும்பி போற ஒரு நாளு மிச்சம். அந்த ஒரு நாளத்தான் பதுவாவுக்கு குடுத்தோம்.

மூட்டை விஷயத்துல கண்டிப்பா இருங்க. அங்க பழைய தெரு எல்லாம் கருங்கல் பதிச்ச தெரு, சின்ன சின்ன கல்லு, நடுவுல சந்து, பெரிய சூட்கேஸ் சக்கரம் அதுல போய் மாட்டிக்கும். பழைய கட்டடத்துல நெறைய இடத்துல லிஃப்ட் இருக்காது. ஆளுக்கு ஒரு சின்ன பெட்டி, முதுகுல ஒரு பை, அதுக்கு மேல வேணாம். வெனிஸ்ல 400க்கும் மேல பாலம், அநேகமா எல்லாம் படிக்கட்டு வச்ச பாலம், ஒவ்வொரு பாலத்துலயும் பெட்டிய தூக்கி ஏறி எறங்கணும், அத நெனச்சிக்கிட்டு இங்கேயே பேக் பண்ணுங்க.

செருப்பு இல்ல, நல்ல ஷூ, அதுவும் புதுசா வாங்கி நேரா அங்க போட்டுட்டு போகக்கூடாது. நாங்க ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம காலைல ஆறு மணிக்கு நம்ம சென்னை பாரீஸ் கார்னர்ல எறங்கி தங்கசாலைத் தெரு முழுக்க நடந்து போயி திரும்பி வருவோம், கடையெல்லாம் மூடியிருக்கும், ரோடு காலியா இருக்கும். மொத வாரம் அம்மா மூணு எடத்துல உக்காந்தாங்க, கடைசி வாரம் ஒரு எடத்துல. அந்த நடை இல்லன்னா ரோம்ல மொத நாளே படுத்திருப்பாங்க. முட்டிக்கு பெல்ட்டு, மடக்குற குச்சி எடுத்துட்டு போங்க, கூச்சப்படாம யூஸ் பண்ணச் சொல்லுங்க.

சாப்பாட்டு மூட்டைல ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாக்குள்ள வெளிநாட்டுலேர்ந்து மாமிசமும் பால் சம்பந்தப்பட்டதும் கொண்டு போகக்கூடாது, நெய், பால்கோவா, பால் ஸ்வீட்டு எதுவும் வேணாம். மாங்கா, பச்ச கறிவேப்பில மாதிரி செடி கொடி சமாச்சாரமும் வேணாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, முறுக்கு இதெல்லாம் கொண்டு போனோம், ஒண்ணும் ஆகல. ஃபிளாரன்ஸ்ல சமையல்கட்டு இருக்குற ரூமா எடுத்ததால அம்மா சாதம் வடிச்சி பொடி போட்டு கொடுத்தாங்க, அஞ்சு நாள் ரொட்டி சாப்ட்ட நாக்குக்கு அது எவ்ளோ சொகமா இருந்துச்சு! பத்து நாள் போனா நடுவுல ஒரு ஊர்லயாவது கிச்சன் இருக்குற எடமா பாருங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கைப்பைல, டாக்டர் சீட்டோட. சார்ஜருக்கு நம்ம ரெண்டு பின்னு மெல்லிசு பிளக் அங்க பொருந்தும், மூணு பின்னு பொருந்தாது. பாத்ரூம்ல தண்ணி இருக்காதேன்னு கவலப்படுறவங்களுக்கு, இத்தாலில வீட்டுக்கு பிடேன்னு கழுவுற தொட்டி வைக்கணும்னு 1975லேர்ந்தே சட்டமிருக்கு, ஹோட்டல்லயும் அநேகமா இருக்கும். ரோட்டுல உள்ள கட்டண கழிப்பறைல இருக்காது, ஒரு சின்ன பாட்டில் பைல இருக்கட்டும்.

இப்ப ரோம். எங்க தெருவுல தண்ணி லாரிக்கு குடத்த வரிசைல வச்சிட்டு ராத்திரி முழுக்க காத்திருந்தது எங்க அம்மாவோட பாதி வயசு. அவங்கள ரோம்ல மொத நாள் கூட்டிட்டு போனது கொலோசியம்ங்கிற பழைய ரோமானிய அரங்கத்துக்கு இல்ல, தெருக்கொழாயாண்ட. அங்க தெருவோரமா இரும்புல நம்ம மார் ஒசரத்துக்கு கொழா இருக்கும், மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கும், அதனாலேயே நாசோனே, அதாவது பெரிய மூக்குன்னு பேரு. 1874லேர்ந்து வைக்க ஆரம்பிச்சது, ஊரு முழுக்க சுமார் 2,500 இருக்கு, நாள் முழுக்க தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும், குடிக்கிற தண்ணிதான். மூக்கு நுனிய வெரலால அடைச்சா மேல ஒரு ஓட்டை வழியா தண்ணி எழும்பும், அதுல வாய வச்சு குடிக்கலாம். ஒரு காலி பாட்டில் கைல இருந்தா போதும், ரோம்ல தண்ணிக்கு காசு குடுக்கத் தேவையில்ல. அங்கேர்ந்து டிரெவி நீரூத்துக்கு போனோம். அதுக்கு வர்ற தண்ணி கி.மு. 19ல அக்ரிப்பாங்கிற ரோமானியத் தளபதி கட்டுன அக்வா விர்கோ வாய்க்காலோட வழியில வர்ற தண்ணி. நடுவுல ஒடஞ்சு, ரிப்பேர் பண்ணி, திருப்பி கட்டி இன்னிக்கும் ஓடுது. அம்மா அந்தக் கல்லுமேல கைய வச்சுட்டு ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துட்டு நின்னாங்க. காலைல ஆறரைக்கு போனதால நிக்க முடிஞ்சுது, பத்து மணிக்கு போனா ரங்கநாதன் தெரு தீபாவளி கூட்டம் மாதிரி இருக்கும்.

காலை நேரத்த விடாதீங்க, இந்த மாதிரி ஊருக்கெல்லாம் காலைல ஆறுலேர்ந்து எட்டரை வரைக்கும்தான் ஊரு ஊராட்டம் இருக்கும். சதுக்கம், பாலம், தெரு இதுக்கெல்லாம் டிக்கெட் கெடையாது, எப்ப வேணா பாக்கலாம், அதெல்லாம் காலைல. டிக்கெட் வாங்கி உள்ள போற எடம் ஒரு நாளைக்கு ஒண்ணு, அதிகம் போனா ரெண்டு. மத்தியானம் ரூமுக்கு வந்து படுத்துடுங்க, அங்க ஓட்டல் அடுப்பே ரெண்டரை மூணு மணிக்கு அணைஞ்சா திரும்ப ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான் எரியும், அதனால மத்தியான சாப்பாட்ட ஒரு மணிக்குள்ள முடிச்சிக்கங்க. சாயங்காலம் திரும்ப கெளம்புங்க.

கொலோசியத்துக்கு டிக்கெட் 30 நாள் முன்னாடி ஆன்லைன்ல விடுவாங்க, அவங்க சொந்த சைட்டுலயே வாங்குங்க, பேர் போட்ட டிக்கெட், பாஸ்போர்ட் காட்டணும். வாசல்ல நிக்கிற ஆளுங்க கிட்ட வாங்காதீங்க. பாந்தியன்னு பழைய ரோமானியக் கோயில் இருக்கு, அதுக்கும் டிக்கெட் உண்டு. கிட்டத்தட்ட 1,900 வருஷம் பழசு, கம்பி வைக்காத கான்கிரீட்ல 43 மீட்டர் அகலத்துக்கு கவுத்த கிண்ணம் மாதிரி ஒரு கூரை, நடுவுல பெரிய வட்ட ஓட்டை, மழை பெஞ்சா உள்ள ஊத்தும், தரைல சின்ன சின்ன துளை வழியா வடிஞ்சிடும். மழை வந்தா ரூம்ல இருக்காதீங்க, பாந்தியன் போங்க. வாட்டிகன்ல செயின்ட் பீட்டர்ஸ் பெரிய கோயிலுக்கு டிக்கெட் இல்ல, செக்யூரிட்டி க்யூதான், தோளும் முட்டியும் மூடியிருக்கணும், காலைல போங்க. கோபுரம் ஏறணும்னா 551 படி, லிஃப்ட்ல பாதி போனாலும் மிச்சம் 320 படி நடக்கணும், அம்மா கீழயே ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க, நாங்களும் ஏறல. ஸ்பானிஷ் படிக்கட்டுல உக்காந்தா ஃபைன் போடுவாங்க, கால் வலிக்குதுன்னு அங்க உக்காந்துடாதீங்க.

ஜேப்படி. இத தனியா சொல்றேன். ரோம்ல ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பஸ்ல, நல்ல கூட்டம், எங்க வூட்டுக்காரரு பையோட ஜிப்ப தொறந்து பர்ஸ எடுத்துட்டாங்க, 80 யூரோவும் ஒரு கார்டும் போச்சு. பீச் ஸ்டேஷன்ல ஏறும்போது ஜோப்புல கைய வச்சிட்டே ஏறுற மனுஷன், அங்க ரெண்டு கையும் அம்மாவ பிடிச்சிட்டிருந்துச்சு. பாஸ்போர்ட்டும் மீதி காசும் சட்டைக்குள்ள தொங்குற பைல இருந்ததால பயணம் நிக்கல. நீங்களும் அப்படியே பிரிச்சு வைங்க, ரெண்டு கார்டு ரெண்டு பேர்கிட்ட, பாஸ்போர்ட் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் பெட்டில. திருடு போனா உடனே ஆப்ல கார்ட பிளாக் பண்ணிட்டு போலீஸ்ல எழுதி வாங்குங்க, அந்த பேப்பர் இல்லாம இன்சூரன்ஸ்ல ஒண்ணும் கேக்க முடியாது. அவசர நம்பர் அங்கேயும் 112தான், நம்ம ஊரு மாதிரியே. பாஸ்போர்ட்டே போச்சுன்னா ரோம்ல இந்திய எம்பஸி, மிலான்ல கான்சுலேட் இருக்கு.

காசு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, கார்டு தேய்க்கும்போது மெஷின்ல யூரோவா ரூபாயான்னு கேட்டா யூரோன்னே அமுக்குங்க, ரூபாய்னு அமுக்குனா அவங்க வைக்கிறதுதான் ரேட்டு. ஓட்டல் பில்லுல கோபர்த்தோன்னு, அதாவது டேபிள்ல உக்காந்து சாப்பிடுறதுக்கு, ஆளுக்கு ஒண்ணுலேர்ந்து மூணு யூரோ வரைக்கும் போட்டிருப்பாங்க, அது அங்க வழக்கம், ஏமாத்து இல்ல. காபிய கவுன்டர்ல நின்னு குடிச்சா ஒரு ரேட்டு, உக்காந்தா வேற ரேட்டு. ஹோட்டல்ல ஊர் வரின்னு ஆளுக்கு ராத்திரிக்கு இவ்ளோன்னு தனியா வாங்குவாங்க. எம்.சி. ரோட்ல பேசுற மாதிரி பேரம் எல்லாம் கடைல பேச முடியாது.

ரோம்லேர்ந்து ஃபிளாரன்ஸ் ஸ்பீட் ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம். ஸ்பீட் ட்ரெயினுக்கு முன்கூட்டியே போட்டா பாதிக்கும் கீழ கெடைக்கும், கிட்டத்துல ஓடுற பாசஞ்சர் மாதிரியான ட்ரெயினுக்கு ரேட் மாறாது, அன்னிக்கே வாங்கலாம். அந்த பாசஞ்சர் பேப்பர் டிக்கெட்ட ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரத்துல உள்ள மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும், குத்தாம ஏறுனா டிக்கெட் இருந்தும் ஃபைன். அங்க ரயில் ஸ்டிரைக் அடிக்கடி நடக்கும், ஷோப்பெரோன்னு போட்டிருக்கும், வேலை நாள்ல காலைல 6லேர்ந்து 9, சாயங்காலம் 6லேர்ந்து 9 கண்டிப்பா சில ட்ரெயின் விடுவாங்க, அதுல போயிடுங்க.

ஃபிளாரன்ஸ்ல எல்லாரும் உஃபிசி மியூசியம், டேவிட் சிலைன்னு ஓடுவாங்க, போங்க, நல்லாதான் இருக்கு, ரெண்டுமே திங்கக்கிழமை லீவு, டிக்கெட் முன்னாடியே போடுங்க, 18 வயசுக்கு கீழ பசங்களுக்கு அரசாங்க மியூசியத்துல இலவசம். பெரிய கோயிலோட உருண்டைக் கூரைக்கு ஏற 463 படி, லிஃப்ட் இல்ல, முட்டி வலிக்காரங்களுக்கு அது வேணாம், பஸ்ல பியாட்சாலே மிக்கெலாஞ்சலோ மேட்டுக்கு போனா ஊரு மொத்தமும் தெரியும், காசும் இல்ல. ஆனா நான் சொல்ல வர்றது சுவத்துல இருக்குற ஒரு சின்ன கல்லு. 1966 நவம்பர் 4ம் தேதி ஆர்னோ ஆறு ஒடைச்சிக்கிட்டு ஊருக்குள்ள வந்துச்சு. தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு சுவத்துல கல்லு பதிச்சு கோடு போட்டு வச்சிருக்காங்க, சான்டா குரோச்சே கோயில் பக்கம் தெருத்தெருவா பாக்கலாம், நம்ம தலைக்கு மேல இருக்கும். சான் ரெமிஜியோ தெருவும் நேரி தெருவும் சேர்ற மூலைல ரெண்டு கல்லு இருக்கு, ஒண்ணு 1966, இன்னொண்ணு 1333, அதுல ஒரு கை தண்ணிய சுட்டிக்காட்டுற மாதிரி செதுக்கியிருக்கு. ரெண்டு வெள்ளமும் ஒரே தேதி, நவம்பர் 4.

2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம்லயும் எங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. அம்மா அந்தக் கல்லாண்ட நின்னு “நம்ம செவுத்துலயும் கோடு கீது, வெள்ளையடிச்சி மறைச்சிட்டோம்”னாங்க. 1966ல சேத்துல மூழ்குன நூலகத்து புஸ்தகத்தையும் ஓவியத்தையும் எடுக்க எங்கெங்கேர்ந்தோ காலேஜ் பசங்க வந்து கைய கோத்து வரிசையா நின்னு கடத்தி விட்டாங்க, அவங்களுக்கு சேத்து தேவதைங்கன்னு பேரு. இங்க வெள்ளத்துல எங்க தெருப் பசங்க மீன்பிடி படகுல பால் பாக்கெட் எடுத்துட்டு வந்தத பாத்தவங்களுக்கு அது நல்லாவே புரியும். கைட் சொல்லி கேட்ட எல்லாத்தையும் விட அந்த மூலைல நின்ன பத்து நிமிஷம்தான் எனக்கு ஃபிளாரன்ஸ்.

பதுவா. வட சென்னைல செவ்வாய்க்கிழமைன்னா அர்மீனியன் தெரு அந்தோணியார் கோயில்தான், அரண்மனைக்காரத் தெருன்னு நாம சொல்லுவோமே அங்க, இந்து முஸ்லிம் கிறிஸ்தவன்னு யாரும் பாக்குறதில்ல, எங்க அம்மா இந்து, ஆனா எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏத்தாம இருந்ததில்ல. அந்த அந்தோணியார் பொறந்தது லிஸ்பன், எறந்தது 1231 ஜூன் 13, பதுவா பக்கத்துல. அவர அடக்கம் பண்ணது ஒரு செவ்வாய்க்கிழமை, அதனாலதான் செவ்வாய்க்கிழமை. இத அம்மாவுக்கு சொன்னப்ப நம்பவே இல்ல, “இங்க யாரோ ஆரம்பிச்சதுன்னு நெனச்சேன்”னாங்க. பிளான் போடும்போதே பதுவா செவ்வாய்க்கிழமை வர்ற மாதிரி மத்த ஊர முன்ன பின்ன தள்ளி வச்சோம். உங்க வீட்டு பெரியவங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்தா மொதல்ல அத காலண்டர்ல குறிச்சிட்டு மத்தத அத சுத்தி போடுங்க.

ஸ்டேஷன்லேர்ந்து டிராம்ல சான்டோ ஸ்டாப்புல எறங்குனா கிட்டத்துல கோயிலு, ஊருக்காரங்க பேரே சொல்ல மாட்டாங்க, ‘இல் சான்டோ’, அதாவது புனிதர்னா அவருதான். டிக்கெட் கெடையாது. உள்ள எடது பக்கம் கல்லறை, சலவைக்கல்லு, ஜனங்க பின்பக்கமா சுத்தி வந்து அந்தக் கல்லுமேல உள்ளங்கைய வச்சு கண்ண மூடி நிப்பாங்க. போட்டோ எடுக்காதீங்க, பூசை நடந்தா நடுவுல குறுக்க போகாதீங்க, ஓரமா உக்காருங்க. அம்மா கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க, பின்னாடி நின்ன ஒரு வயசான இத்தாலிக்காரம்மா அவசரப்படுத்தவே இல்ல, அம்மா திரும்புனதும் தோள தட்டிக் குடுத்துட்டு அவங்க போயி கைய வச்சாங்க.

அங்கேயே ஸ்க்ரோவேஞ்ஞி சேப்பல்னு சின்ன கட்டடம் இருக்கு, ஜோத்தோங்கிற ஓவியர் 1305 வாக்குல வரைஞ்சு முடிச்ச சுவரோவியம். நீல வானம், தங்க நட்சத்திரம், சுத்தி கதை கதையா படம். மொதல்ல 15 நிமிஷம் ஒரு கண்ணாடி ரூம்ல உக்கார வைப்பாங்க, நம்ம ஒடம்பு ஈரமும் தூசியும் ஓவியத்த கெடுக்காம இருக்க, அப்பால உள்ள 15 நிமிஷம்தான். முன்பதிவு இல்லாம போயி நிக்காதீங்க. ஓவியத்துல ஆர்வமில்லாதவங்களும் இத மட்டும் பாருங்க, அழுவுற மொகத்த அவ்ளோ நெஜமா அந்தக் காலத்துல யாரு வரைஞ்சா?

பதுவாலேர்ந்து வெனிஸ் அரை மணி நேரம். நெறைய பேரு வெளில கம்மி வாடகைக்கு தங்கிட்டு பகல்ல மட்டும் வெனிஸ் போயிட்டு வருவாங்க, நான் வேணாம்னுதான் சொல்லுவேன், ஒரு ராத்திரியாவது உள்ள தங்குங்க. பகல்ல வர்ற கூட்டம் சாயங்காலம் திரும்பிடும், அப்பால வண்டிச் சத்தம் இல்லாத ஊருல நம்ம காலடிச் சத்தம் நமக்கே கேக்கும். வசந்த காலத்துலயும் கோடை ஆரம்பத்துலயும் சில நாள்ல பகல் மட்டும் வர்றவங்களுக்கு நுழைவுக் கட்டணம் 5 யூரோ, கடைசி நேரத்துல கட்டுனா 10. உள்ள தங்குறவங்களுக்கு கெடையாது, ஆனா சைட்ல பதிஞ்சு QR கோடு வாங்கி வச்சிக்கணும். மேப்ப நம்பி சந்துல சுத்தாதீங்க, வீட்டு நம்பர் தெருவுக்கு இல்ல, பேட்டைக்கு, மொத்தம் ஆறு பேட்டை, நம்பர் ஆயிரக்கணக்குல போகும். சுவத்துல ரியால்டோ பாலத்துக்கு, சான் மார்கோ சதுக்கத்துக்குன்னு மஞ்சள் போர்டு இருக்கும், அத பாத்து நடங்க. ஹோட்டல்ல எந்த படகு ஸ்டாப், எத்தன பாலம்னு முன்னாடியே கேட்டுக்கங்க. கோண்டோலாங்கிற துடுப்புப் படகுக்கு அரசாங்க ரேட்டு பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, படகுக்கு, ஆளுக்கு இல்ல. அது வேணாம்னா பெரிய கால்வாய குறுக்க கடக்க த்ரகெத்தோன்னு அதே மாதிரி படகு 2 யூரோ, ரெண்டு நிமிஷம். அம்மா அதுல போனாங்க, காசிமேட்டு பொண்ணு, பயமே இல்ல.

காலைல ரியால்டோ மீன் மார்க்கெட். ஞாயிறும் திங்களும் இருக்காது, செவ்வாய்லேர்ந்து சனி வரைக்கும் காலைல. மத்தி, கணவா, நண்டு, இறால் எல்லாம் ஐஸ்ல அடுக்கி வச்சிருப்பாங்க, அம்மா ஒவ்வொரு மீனோட செதிளா பாத்து “இது நேத்து மீனு, இது இன்னிக்கு”ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க, ஒரு கடைக்காரரு பாஷ புரியாமலே தலையாட்டி சிரிச்சாரு. காம்போ சான்டா மார்கெரிட்டா சதுக்கத்துல பழைய கல்வெட்டு ஒண்ணு இருக்கு, எந்த மீனு எத்தன சென்டிமீட்டருக்கு கொறைஞ்சா விக்கக்கூடாதுன்னு, மத்திக்கு 7, இப்படி. குஞ்சு மீன பிடிச்சா கடல் காலியாயிடும்னு அவங்க கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, நமக்கு ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைக்காலம். மத்தியானம் சார்தே இன் சாவோர் சாப்பிடுங்க, மத்திய பொரிச்சு வெங்காயமும் வினிகரும் ஊத்தி ஊற வச்சது, கடலுக்கு போறவங்க மீன் கெடாம இருக்க கண்டுபிடிச்ச பக்குவம், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, அம்மாவுக்கு இத்தாலில பிடிச்ச ஒரே அயிட்டம்.

திரும்பும்போது ஒரே கடைல 70 யூரோவுக்கு மேல வாங்கியிருந்தா பில் போடும்போதே பாஸ்போர்ட்ட காட்டி டேக்ஸ் ஃப்ரீ ஃபாரம் கேளுங்க, ஏர்போர்ட்ல முத்திரை வாங்குனா வரில ஒரு பங்கு திரும்ப வரும், துபாய்ல மாறினாலும் முத்திரை ஐரோப்பாவோட கடைசி ஏர்போர்ட்ல, அதாவது வெனிஸ்லேயே வாங்கணும், அதுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா வச்சிட்டு கெளம்புங்க. அந்தோணியார் கோயில்ல எண்ணெய், தீர்த்தம் ஏதாச்சும் வாங்கியிருந்தா கைப்பைல வைக்காதீங்க, 100 மில்லிக்கு மேல இருந்தா செக்யூரிட்டில எடுத்துட வாய்ப்பிருக்கு, துணிக்குள்ள சுத்தி பெட்டில போட்டுடுங்க.